மானைச் சுட்டால் சீமான், மானைத் தின்றால் கள்வன்

பழைய ஐரோப்பிய வேட்டை ரைபிள் ஒன்றை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறி மினுங்கும் வால்நட் மரப்பிடி, இரும்பில் கையால் செதுக்கிய பூவேலை, செய்தவர் பெயர் பொறித்த குழல். 1775 இல் டப்ளினில் தொடங்கிய ரிக்பி, 1814 இல் லண்டனில் தொடங்கிய பர்டி, 1835 இல் வந்த ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் போன்றவர்கள் செய்தவை இவை. ஜிம் கோர்பெற்றின் புலி வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு ரிக்பி என்ற பெயர் புதிதாக இருக்காது. இன்றைக்கும் இவற்றை ஏலத்தில் எடுக்க ஆக்கள் இருக்கிறார்கள்.

அழகான பொருள்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு பொருளின் வரலாறு அதைச் செய்தவரோடும் வாங்கியவரோடும் முடிந்துவிடுவதில்லை. இந்தத் துவக்குகளில் பெரும்பகுதி மானைச் சுடத்தான் பயன்பட்டது. அப்படியென்றால் அந்த மான் எந்த நிலத்தில் நின்றது? அந்த நிலத்தில் அதற்கு முன்னர் யார் இருந்தார்கள்? அதே மானை இன்னொருத்தன் பசிக்குச் சுட்டால் அவனுக்கு என்ன நடந்தது? துவக்குச் சேகரிப்பாளர்களின் புத்தகங்களில் இந்தக் கேள்விகள் பெரிதாக வருவதில்லை. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டை வைத்து இவற்றைக் கேட்டுப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம்.

காடு என்பது மரமல்ல, சட்டம்

1066 இல் இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன் மன்னன் வில்லியம் தன்னோடு ஒரு காட்டுச் சட்டத்தையும் கொண்டு வந்தான். அந்தச் சட்டத்தில் 'காடு' என்பதற்கு மரம் அடர்ந்த இடம் என்று பொருளில்லை. மன்னன் வேட்டையாட ஒதுக்கிய நிலம் என்றுதான் பொருள். அதற்குள் ஊர் இருக்கலாம், வயலும் இருக்கலாம். ஆனால் மான் வந்து பயிரைத் தின்றால் விரட்டக்கூட யோசிக்க வேண்டும். மானைக் கொன்றவனின் கண்ணைப் பிடுங்கச் சொன்னது வில்லியத்தின் சட்டம் என்று அந்தக் காலக் குறிப்பேடே பதிந்து வைத்திருக்கிறது. மான் இறைச்சிக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக்கூடாது என்று எழுத்தில் வர 1217 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் காட்டுப் பட்டயம் வந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1671 இல் வந்த வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால்தான் வேட்டையாடலாம் என்ற மாதிரியான தகுதிகளை வைத்தது. 1723 இல் வந்த 'கறுப்புச் சட்டம்' இன்னும் மோசம். முகத்தில் கரி பூசிக்கொண்டு இரவில் மான் வேட்டைக்குப் போனவர்களை அடக்கவென்று தொடங்கி, சுமார் 50 குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை என்று ஆக்கிவிட்டது. நூறு வருடம் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

பிரான்சில் 1789 ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு நடந்ததை இதோடு சேர்த்து யோசித்துப் பார்க்கலாம். புரட்சிச் சபை பிரபுக்களின் தனியுரிமைகளைத் தூக்கி எறிந்த அந்த இரவில், அவர்களின் தனி வேட்டையுரிமையும் சேர்ந்து போனது. புரட்சி என்றால் பாணும் பஸ்தீல் சிறையும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் பிரெஞ்சு விவசாயிகளின் பெரிய முறைப்பாடுகளில் ஒன்று, தங்கள் பயிரைத் தின்னும் பிரபுவின் மானையும் முயலையும் தொட முடியாது என்பதுதான்.

முதலில் ஆடு, பிறகு மான்

இனி ஸ்கொட்லாந்துக்கு வருவோம். வடக்கு மலைநாட்டில் கேலிக் மொழி பேசிய சனம் குலத்தலைவர்களின் கீழ், தலைமுறை தலைமுறையாகக் காணி செய்து வாழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தலைவர்களே நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். சனத்தின் வாடகையை விட செம்மறி ஆட்டில் கூடிய காசு வந்தது. எனவே சனத்தை எழுப்பிவிட்டு ஆட்டை விட்டார்கள். சதர்லாந்துப் பகுதியில் 1807 இலிருந்து 1821 வரை இது பெரிய அளவில் நடந்தது. 1814 இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரை மரங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். அதற்குப் பொறுப்பான பற்றிக் செல்லர் 1816 இல் வழக்கை எதிர்கொண்டு விடுதலையானார். எழுப்பப்பட்ட சனம் கடற்கரை ஓரத்துத் துண்டுக் காணிகளுக்கும், கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனது.

பிறகு ஆட்டு மயிரின் விலையும் விழுந்தது. 1870களில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவான கம்பளி வந்து குவிந்தபோது, நிலச்சுவான்தார்கள் அடுத்த வருமானத்தைத் தேடினார்கள். அது ஏற்கனவே கையில் இருந்தது. 1838 இல் வில்லியம் ஸ்க்ரோப் மானைப் பதுங்கிச் சுடும் கலை பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். விக்டோரியா மகாராணியும் அல்பேர்ட் இளவரசரும் 1848 இல் பல்மோரல் மாளிகையை வாடகைக்கு எடுத்து, 1852 இல் வாங்கியும் விட்டார்கள். லான்ட்சியர் வரைந்த, கொம்போடு நிமிர்ந்து நிற்கும் கலைமான் ஓவியம் 1851 இல் வந்தது. ராணியின் வீட்டுக்காரர் செய்வதைச் செய்ய ஆலை முதலாளிகளுக்கும் வங்கிக்காரர்களுக்கும் ஆசை வந்தது. ரெயில் பாதையும் வந்துவிட்டது. லண்டனில் ஏறினால் மறுநாள் மலையில் இறங்கலாம்.

இப்படித்தான் 'மான்காடுகள்' பெருகின. இங்கேயும் காடு என்றால் மரமில்லை. வெறும் மொட்டை மலையும் சதுப்பும்தான். 1912 அளவில் ஸ்கொட்லாந்தில் சுமார் 35 இலட்சம் ஏக்கர் நிலம் மானுக்காக மட்டும் கிடந்தது. அந்த நாட்டின் ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

துவக்கு மாற, வேட்டையும் மாறியது

இந்த மாற்றத்தில் துவக்குக்கும் பங்கு உண்டு. ஸ்க்ரோப்பின் காலத்து ரைபிள் வாய்ப்பக்கத்தால் மருந்திட்டு இடிப்பது. எங்கள் வன்னிப் பக்கத்தில் சொல்கிற இடியன் துவக்கின் பணக்காரச் சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்பும் என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆனாலும் ஏறத்தாழ 100 யாருக்குள் போனால்தான் நம்பிக்கை. ஒரு வெடிக்குப் பிறகு முகத்துக்கு முன் வெள்ளைப் புகை. திரும்ப மருந்திட நேரம் வேண்டும். காயப்பட்ட மானைத் துரத்த நாய்கள் வேண்டும்.

1856 இல் பர்டி 'எக்ஸ்பிரஸ் ட்ரெயின்' என்று பெயர் வைத்து ஒரு ரைபிளை விற்றார். ரெயில் மாதிரி வேகம் என்ற பொருளில். பாரம் குறைந்த குண்டு, கூடிய மருந்து. அதனால் குண்டு வளைந்து விழாமல் கூடுதல் தூரம் நேராகப் போனது. அதன்பின் பின்பக்கத்தால் தோட்டா போடும் முறை வந்தது. 1880களில் புகையில்லா மருந்து வந்தது. 1898 இன் ஜேர்மன் மௌசரும் 1903 இன் ஒஸ்ரிய மான்லிக்கர்-ஷோனவரும் வந்தபோது, ஒரு தோட்டாவுக்குப் பின் அடுத்தது உடனே ஏறும் துவக்கு வேட்டைக்காரர் கையில் இருந்தது. 200 யாருக்கு அப்பால் நிற்கும் மானுக்கும் இனிப் பாதுகாப்பில்லை. ரிக்பி நிறுவனம் மௌசரின் இயந்திரப் பகுதியை ஜேர்மனியிலிருந்து எடுத்து, தன் குழலையும் பிடியையும் பூட்டி விற்றது. அதன் புகழ்பெற்ற .275 ரிக்பி தோட்டா வேறொன்றுமில்லை, 7×57 மி.மீ. மௌசர் இராணுவத் தோட்டாவுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்தான்.

அந்தக் காலத்துப் பெரிய வேட்டைக்காரர்களின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். 1914 இல் சரயேவோவில் கொல்லப்பட்ட ஒஸ்ரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் தன் வாழ்நாளில் 2,70,000க்கும் மேற்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் சுட்டதாக அவருடைய சொந்த வேட்டைக் கணக்குகள் சொல்கின்றன. இதற்குப் பசி காரணமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்கொட்லாந்து மலையில் ஒரு நாள் வேட்டை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 'கில்லி' என்றும் 'ஸ்டோக்கர்' என்றும் அழைக்கப்படும் உள்ளூர்க்காரர்கள்தான் விடிய எழும்பித் தொலைநோக்கியால் மானைத் தேடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வழி எடுப்பவர்களும், உறையில் போட்ட ரைபிளைச் சுமப்பவர்களும் அவர்களே. சேற்றிலும் ஓடையிலும் ஊர்ந்து, மானுக்குக் கிட்டக் கொண்டுபோய், கடைசி நிமிடத்தில் துவக்கை எடுத்துச் சீமானின் கையில் கொடுப்பார்கள். சீமான் விசையை இழுப்பார். பிறகு வயிறு கிழித்துக் குடல் எடுப்பது, மட்டக்குதிரையில் ஏற்றுவது எல்லாம் திரும்பவும் கில்லியின் வேலை. சுவரில் கொம்பு தொங்கும்போது மட்டும் பெயர் சீமானுடையது. பல இடங்களில் இந்தக் கில்லிகள், அதே மலையிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளாகவும் இருந்தார்கள்.

பார்க், நவம்பர் 1887

ஸ்கொட்லாந்தின் வடமேற்கில் லூயிஸ் தீவு. 1844 இல் அதை முழுதாக விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மதிசன், சீனாவுக்கு அபின் விற்றுப் பெரும் பணம் சேர்த்த ஜார்டின் மதிசன் நிறுவனத்தின் பங்காளி. அந்தத் தீவின் தென்கிழக்கில் உள்ள பார்க் என்ற பகுதியில் ஒரு காலத்தில் பல சிற்றூர்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைக் காலி செய்து பெரிய ஆட்டுப் பண்ணை ஆக்கினார்கள். 1880களில் பண்ணையின் குத்தகை முடிந்தபோது, காணியில்லாமல் அயல் ஊர்களில் நெருக்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்த நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தன. வாடகை தருகிறோம் என்றுதான் கேட்டன. மதிசனின் விதவை மறுத்தார். நிலம் மான்காடாகி, இங்கிலாந்தின் ஆலை இயந்திர முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாற் என்பவரின் குத்தகைக்குப் போனது.

1886 இல் சிறுகாணிக்காரருக்கான சட்டமொன்று வந்திருந்தது. இருக்கும் துண்டுக் காணியிலிருந்து இனி எழுப்ப முடியாது என்ற பாதுகாப்பை அது தந்தது. ஆனால் காணியே இல்லாதவனுக்கு அது ஒன்றும் தரவில்லை. மீன்பிடியும் அந்த வருடங்களில் படுத்துவிட்டது. வீடுகளில் சாப்பாடில்லை. வேலிக்கு அப்பால் மான்கள் கொழுத்து நின்றன.

பலாலன் ஊரின் பள்ளி ஆசிரியர் டொனால்ட் மக்ரே சனத்தைக் கூட்டினார். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. 1887 நவம்பர் 22ஆம் திகதி, நூற்றுக்கணக்கான ஆண்கள் பகல் வெளிச்சத்தில் பார்க் மான்காட்டுக்குள் நடந்தார்கள். சிலரிடம் மட்டும் துவக்கு. அதுவும் பழைய துவக்கு. ரிக்பியும் பர்டியும் அங்கே இல்லை. வழியில் பிளாற்றின் மனைவி எதிரே வந்து திரும்பிப் போகச் சொன்னாராம். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று கேலிக்கில் சொல்லிவிட்டு நடந்தார்களாம். படகுப் பாயைக் கூடாரமாகக் கட்டி, மானைச் சுட்டு, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். பத்திரிகைக்காரரும் வந்து பார்த்தார்கள்.

அரசாங்கம் இராணுவத்தையும் கடற்படைக் கப்பல்களையும் அனுப்பியது. மானைத் தின்றதற்குக் கடற்படை! ஆனால் வந்து பார்க்கும்போது கலவரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சனம் வீட்டுக்குப் போய்விட்டது. ஆசிரியர் உட்பட ஆறு பேரை எடின்பரோவுக்குக் கொண்டுபோய், 1888 ஜனவரியில் கலகக் குற்றத்துக்கு விசாரித்தார்கள். ஜூரிகள் ஆறு பேரையும் விடுதலை செய்தார்கள்.

இந்த வழக்கின் மையத்தில் விசித்திரமான ஒரு விஷயம் இருந்தது. ஸ்கொட்லாந்துச் சட்டப்படி காட்டு மான் எவருக்கும் சொந்தமில்லை. அது களவு போகக்கூடிய பொருளே அல்ல. சொந்தமாக இருப்பது அது நிற்கும் நிலம். ஆக, 'மான் களவு' என்று ஊர் பேசிய குற்றத்தின் அடியில் இருந்தது காணிப் பிரச்சினைதான். பார்க் சனத்துக்கு அது நன்றாக விளங்கியிருந்தது. மானை ஒழித்தால் மான்காட்டுக்கு வாடகை வராது, வாடகை வராவிட்டால் நிலம் திரும்ப வரலாம் என்பதே அவர்கள் கணக்கு.

நிலம் உடனே வரவில்லை. ஆனால் கதை நாடு முழுக்கப் பரவியது. 2003 இல் வந்த ஸ்கொட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் பின்னணியில், பார்க் நிலத்தை அங்கு வாழும் சமூகமே 2015 இல் தன் பெயருக்கு வாங்கியது. இடையில் 128 வருடங்கள்.

இதே காலத்தில் இன்னொரு வழக்கும் உண்டு. 2 இலட்சம் ஏக்கருக்கும் மேல் வேட்டை நிலம் வைத்திருந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் வினன்ஸ், தன் மான்காட்டுக்குள் ஒரு ஏழையின் வளர்ப்பு ஆட்டுக்குட்டி மேய்ந்தது என்று நீதிமன்றம் போனார். 1885 இல் தோற்றார். அவருடைய மகன் வோல்ற்றர் வினன்ஸ் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். எந்தப் போட்டியில்? ஓடும் மான் உருவத்தைச் சுடும் போட்டியில்.

பல்மோரலிலிருந்து அக்கரப்பத்தனைக்கு

இது எங்கோ நடந்த கதை என்று விட முடியாது. எங்கள் மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் பல்மோரல் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. கோப்பி, தேயிலைத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் கனக்க. அவர்கள் ஊர்ப் பெயரை மட்டுமல்ல, வேட்டைப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை இருந்தார். பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்பவர் செய்த அவருடைய ஒரு ரைபிள் மட்டும் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அது யானைக்கு. ஹோட்டன் சமவெளியில் மரையை அவர் வேட்டை நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றார். இதைப் பற்றி அவர் எழுதிய நூல் இங்கிலாந்தில் பரபரப்பாக வாசிக்கப்பட்டது.

1840 இன் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாக்கிவிட்டிருந்தது. அந்தக் காடுகள் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் சனம்தான் அதை வெட்டிச் சுட்டு வெளியாக்கியது. 5,000 அடிக்கு மேல் இனிக் காடு வெட்டக்கூடாது என்று தாவரவியலாளர் ஹூக்கர் 1873 இல் சொல்லவேண்டி வந்த அளவுக்கு அது நடந்தது. மரைக்கு வந்த பெரிய அழிவு துவக்கால் மட்டும் வரவில்லை. அதன் வீடே போனது.

விலங்கு குறைந்தபோது, 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. துரைமாரும் அதிகாரிகளும்தான் அதில் இருந்தார்கள். 1900 இல் யால ஒதுக்கிடமானது. பக்கத்திலேயே, இங்கு வசிக்கும் 'ஸ்போர்ட்ஸ்மன்'களுக்கு என்று ஒரு வேட்டைப் பகுதியும் இருந்தது. யாலவின் முதல் காவலர் என்கெல்பிரெக்ற், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டுக் கைதியாக இலங்கைக்கு வந்த ஒரு போயர். அந்தப் போரில் போயர்கள் தூக்கியது 7×57 மௌசர். அவர்களைச் சமாளிக்க 1900 இல் ஸ்கொட்லாந்தில் திரட்டிய 'லோவற் ஸ்கவுட்ஸ்' படையில் இருந்தவர்கள் மான்காட்டுக் கில்லிகள். மானைப் பதுங்கிப் பிடித்த கண்கள் ஆளைப் பதுங்கிப் பிடிக்கப் போயின. 1914க்குப் பிறகு ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் தொலைநோக்கி பூட்டிய வேட்டைத் துவக்குகள் எதைச் சுட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு இதை ஏன் பேசுகிறோம்?

எங்களை யாரும் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். வன்னியில் இன்று வைக்கிற கட்டுத்துவக்குக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அது மரையை மட்டுமல்ல, யானையையும் விறகுக்குப் போன மனிசரையும் முடமாக்குகிறது. 1937 இன் வனவிலங்குச் சட்டம் இன்றும் தேவை. ஸ்கொட்லாந்திலும் கதை நேர்கோடு இல்லை. ஓநாய் எப்போதோ அழிந்துவிட்டது. மான் பெருகி, முளைக்கிற மரக்கன்றுகளைத் தின்று காடு திரும்ப வராமல் செய்கிறது. அங்கே இன்று மானைக் கணக்காகச் சுடுவது சூழல் வேலை என்று சொல்பவர்களின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 'வேட்டைக்காரர்', 'கள்ள வேட்டைக்காரர்' என்று இரண்டு சொற்கள் எங்களிடம் இருக்கின்றன. இரண்டு பேரும் ஒரே மானைத்தான் சுடுகிறார்கள். அவர்களைப் பிரித்தது இரக்கமோ, குறி தவறாத கையோ, மலையைப் பற்றிய அறிவோ அல்ல. காணி உறுதி யார் கையில் இருந்தது என்பதுதான். பின்னர் அதே கைகள் பாதுகாப்பு என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டன. இன்று எங்கள் நாட்டில் ஒரு நிலம் காட்டுக்கு ஒதுக்கப்படுகிறது, விலங்குக்கு ஒதுக்கப்படுகிறது என்று அறிவிப்பு வரும்போது, சூழலுக்கு நல்லதுதானே என்று உடனே தலையாட்டவும் தேவையில்லை, சதி என்று உடனே கத்தவும் தேவையில்லை. பார்க் சனம் கேட்டதைக் கேட்டால் போதும். இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே? இந்த வேலிக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது?

அடுத்த முறை ஒரு பழைய ரைபிளின் பூவேலையைப் பார்த்து மயங்கும்போது, அதைச் சுமந்துபோன கில்லியையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய பெயரை எவரும் அந்தக் குழலில் பொறிக்கவில்லை.